சும்மா கதைப்பதும் ஒரு முறையா?

பெப்ரவரி 11 (கேள்வி)

உளவளத்துணை டிப்ளோமா முடித்து நான்கு மாதம். படித்தது ஏழு முறைகள். கோப்பில் ஐம்பது தாளுக்கு மேல் இருக்கிறது: படிவம், அளவுகோல், சிந்தனைப் பதிவேடு, வாழ்க்கைச் சக்கரம் என்று. போன கிழமை ஒரு அம்மா வந்து கதிரையில் இருந்து "நித்திரை இல்லைப் பிள்ளை" என்றார். எந்தத் தாளை எடுப்பது என்று தெரியாமல் கோப்பைப் புரட்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கூட வேலை செய்யும் மூத்தவரிடம் கேட்டால் "சும்மா கதை, காணும்" என்கிறார். சும்மா கதைக்கவா ஒன்றரை வருடம் படித்தேன்? எளிமை எளிமை என்பது தெரியாததை மறைக்கிற சாட்டு என்றுதான் எனக்குப் படுகிறது. அக்காமார், அண்ணைமார் சொல்லுங்கள்.

பெப்ரவரி 11, இரவு (பதில்)

கோப்பைப் புரட்டியதில் பிழை இல்லைத் தங்கச்சி. நீங்கள் புரட்டிக்கொண்டிருந்த நேரம் அந்த அம்மா என்ன செய்தார்? "பார்த்துக்கொண்டே இருந்தார்" என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் தெரியவேண்டும்.

நான் கடற்கோளுக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தவள். என்னிடமும் கோப்பு இருந்தது, உங்களுடையதை விடத் தடிப்பு. சைக்கிள் கரியரில் கட்டினால் பின்சில்லு சாயும். இப்போது பையில் ஒரு கொப்பி, ஒரு பேனா, ஒரு பெட்டி ரிஷூ. அந்த ரிஷூவுக்கும் ஒரு முதியவர் ஆப்பு வைத்தார். "நீங்கள் அதை நீட்டினா, காணும் அழுகையை நிப்பாட்டு எண்டு சொல்லுற மாதிரி இருக்குது மிஸ்." அன்றிலிருந்து பெட்டி மேசை ஓரத்தில் இருக்கும். வேண்டியவர்கள் எடுப்பார்கள்.

நித்திரை இல்லை என்று வருபவரிடம் நான் கேட்பது மூன்றே கேள்விகள். எப்ப தொடக்கம்? நித்திரை வராத நேரம் என்ன செய்வீங்கள்? கொஞ்சமாவது கண்ணயர்ந்த நாள் எது, அண்டைக்கு என்ன வித்தியாசம்? மூன்றாவது கேள்விக்குத்தான் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மூன்று கேள்வி, மிச்சம் காது. போதும்.

பெப்ரவரி 12

"மிச்சம் காது" என்று எழுதியதற்கு ஒரு அண்ணை காதுக் கிளினிக் நடத்துகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். நடத்தினால் வருமானம் கூட வரும் அண்ணை.

மூன்றாவது கேள்வி என் சொந்தச் சரக்கில்லை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் என்ற கணவன் மனைவி 1978இல் ஒரு சிறு நிலையம் தொடங்கினார்கள். கரைச்சல் ஏன் வந்தது என்று தோண்டுவதைக் குறைத்து, அது இல்லாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர்களுடைய ஒரு வீட்டுவேலை 1984இல் அச்சில் வந்தது. வந்தவர் எந்தத் துன்பத்தோடு வந்தாலும் முதல் நாள் எல்லோருக்கும் அதே வேலைதான். அடுத்தமுறை வரும்வரை, உங்கள் வாழ்க்கையில் எது இப்படியே தொடரவேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதைக் கவனித்து வாருங்கள். அவ்வளவுதான்.

குருநகர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுத்தேன். (இங்கே எழுதும் ஆட்களின் ஊர், வயது எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்.) கணவர் குடி. கைநீட்டுவதில்லை என்பதை முதலிலேயே தனியாகக் கேட்டு உறுதிப்படுத்தியிருந்தேன். அடுத்த கிழமை வந்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்: "மனுசன் எவ்வளவு குடிச்சிட்டு வந்தாலும் செருப்பைக் கழட்டிப் படிக்குக் கீழ சோடியா வைச்சிட்டுத்தான் உள்ளுக்கு வாறார் மிஸ். பதினொரு வருசமா நான் அதைக் காணேல்லை." இருவரும் சிரித்தோம். பிறகு, செருப்பைச் சோடியாக வைக்கிற அளவுக்கு அவருக்கு எதில் கவனம் இருக்கிறது என்று கதைக்கத் தொடங்கினோம். மூன்று மாதம் ஓடியது அந்தக் கதை. எந்தத் தாளும் அந்தச் செருப்பைக் கேட்டிருக்காது.

பெப்ரவரி 15

"வெள்ளைக்காரன் ஊருக்கு இது சரி, போரும் கடலும் தின்ற எங்களுக்குக் காணாது" என்று கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாரமான துன்பத்துக்குப் பாரமான முறை வேண்டும் என்று.

2005 ஜனவரி. கடற்கோள் முடிந்து மூன்று கிழமை. வடகிழக்கில் ஒரு முகாமில் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 31 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, பிள்ளைகள் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதிவைக்கும் முறை. மற்றக் குழுவுக்கு மூச்சு, தியானம், உடலைத் தளர்த்துவது. இரண்டுக்கும் ஆறு அமர்வு, செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதற்குழுவில் 81 வீதம், இரண்டாவதில் 71 வீதம் தேறியிருந்தார்கள். இத்தனை சிறிய தொகையில் அது ஒரு வித்தியாசமே இல்லை.

இன்னொன்று 2012இல் வெளிவந்தது. வடக்கில் பாடசாலைப் பிள்ளைகள் 399 பேர், 9 முதல் 12 வயது. ஐந்து கிழமையில் 15 அமர்வு, ஒவ்வொன்றுக்கும் கைந்நூலில் எழுதி வைத்த ஒழுங்கு. சித்திரம், விளையாட்டு, சிந்தனைப் பயிற்சி எல்லாம் உண்டு. மொத்தத்தில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை. பையன்களுக்குச் சிலவற்றில் நன்மை தெரிந்தது. பெண்பிள்ளைகளிலோ, அதிர்ச்சி அறிகுறிகளைப் பொறுத்தவரை நிகழ்ச்சிக்குப் போனவர்களை விடப் போகாதவர்கள் கூடத் தேறியிருந்தார்கள். இதை வாசித்த அன்று நான் நடத்திய பட்டறைகளை எண்ணிப் பார்த்தேன். எத்தனை என்று எழுதமாட்டேன்.

மூச்சும் ஜெபமும் பின்தங்கிய வைத்தியம் என்று யாராவது சொன்னால் யாழ்ப்பாணத்திலேயே பதில் இருக்கிறது. மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு வேலை செய்தவர்களும் போர்க்காலத்திலேயே இங்குள்ளவர்களுக்குப் பழகிய மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் சமயத்துச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது எல்லாவற்றையும் சிகிச்சைக்குள் எடுத்துக்கொண்டார்கள். நெல்லியடியில் ஒரு ஆச்சிக்கு நான் "தளர்வுப் பயிற்சி" என்றபோது விளங்கவில்லை. "முருகா எண்டு மூச்சோட சொல்லுங்கோ" என்றதும் "அதை நான் அறுவது வருசமாச் செய்யிறன், நீ இப்பதான் படிச்சனியோ?" என்றார்.

பெப்ரவரி 16

நேற்று எழுதியதில் கொஞ்சம் களவு செய்துவிட்டேன். 31 பிள்ளைகள் ஆய்வில் ஒன்றுமே செய்யாத மூன்றாவது குழு இல்லை. எவ்வளவு முறையால் தேறினார்கள், எவ்வளவு காலத்தால் என்று அதை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. என் பக்கத்துக்கு வாய்ப்பான ஆய்வு என்றதும் அதை எழுத மறந்துவிட்டேன் பாருங்கள்.

பெப்ரவரி 25

எளிமையான கேள்வியும் ஆளை வெட்டும். மில்வாக்கிக்காரரைப் புகழ்ந்து எழுதியதால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர்களுடைய மிகப் பிரபலமான கேள்வி "அற்புதக் கேள்வி". இன்றிரவு நீங்கள் தூங்கும்போது ஒரு அற்புதம் நடந்து உங்கள் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தூங்கிக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரியாது. காலையில் எழும்பியதும் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்? ஒரு பெண் "ஏதாவது அற்புதம் நடந்தால்தான் உண்டு" என்று சலித்துச் சொன்னதை இன்சூ கிம் பெர்க் பிடித்துக்கொண்டார், அதிலிருந்து பிறந்தது என்பார்கள். பயிற்சியில் கேட்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

2010 கடைசி. ஒரு தாய். 2009 மே மாதத்துக்குப் பிறகு மகனைக் காணவில்லை. நான் கேட்டேன். சொற்களைக்கூட மாற்றவில்லை, பயிற்சியில் சொல்லித்தந்தபடி மெதுவாக, இடைவெளி விட்டு. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நொடி ஒளி வந்தது. நான் ஏதோ சேதி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "தம்பி வந்திட்டானோ மிஸ்?"

அதற்குப் பிறகு அந்த அறையில் நான் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. பாடத்தின்படி "அவர் வந்தால் என்ன மாறும்" என்று தொடர்ந்திருக்கலாம். வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர்தான் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போது அந்தக் கேள்வியை இழப்போடு வருபவரிடம் கேட்பதில்லை. "நாளைக்குக் காலையில எழும்பினதும் முதல் செய்யிற வேலை என்ன?" என்று கேட்பேன். படலை திறக்கிறது, முற்றம் கூட்டுறது, தேத்தண்ணி வைக்கிறது. அந்தத் தாய் சொன்னது: இன்னும் இரண்டு பேருக்கு அளவாகத்தான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறார். அதை மாற்றச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லவில்லை.

மார்ச் 3

நேற்றைய அமர்வு ஒன்றில் சிரித்துவிட்டேன், அதனால் இந்தக் குறிப்பு. பூச்சியத்திலிருந்து பத்து வரை உங்கள் நிலைமை எங்கே நிற்கிறது என்று கேட்கிற வழக்கம் பல முறைகளில் உண்டு. யாழ்ப்பாணத்தில் இலக்கம் என்றால் புள்ளி. ஏ.எல். (உயர்தரச் சோதினை) எடுக்கவிருக்கும் பிள்ளையிடம் "மனம் பத்துக்கு எத்தனை?" என்றால் தாய் குறுக்கே விழுந்து, "ஏழு போடலாம் மிஸ், முயற்சி செய்தா ஒன்பது எடுப்பாள்" என்கிறார். பிள்ளை நிலத்தைப் பார்க்கிறது.

இதற்கு நான் வைத்திருக்கும் மாற்று கிணறு. "மனக்கிணத்தில இப்ப தண்ணி எவ்வளவு நிக்குது?" ஆவணியில் எங்கள் கிணறுகளில் தண்ணீர் இறங்குவதும் மழைக்கு ஏறுவதும் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதற்குப் புள்ளி போடுவதில்லை. வற்றுவது கிணற்றின் குற்றமும் இல்லை. அந்தப் பிள்ளை "அடி தெரியுது மிஸ், ஆனா ஊத்து நிக்கேல்லை" என்றாள். பதினெட்டு வயது. தாய் அதற்குப் பிறகு குறுக்கே வரவில்லை.

மார்ச் 10

தொழில்சார் வழிகாட்டல், கோச்சிங் செய்பவர்களும் இங்கே எழுதத் தொடங்கிவிட்டார்கள். நல்லது. என் மருமகன் ஒருவன் ஒரு ஹோட்டலில் சனி ஞாயிறு இரண்டு நாள் இருந்து "வாழ்க்கைக் கோச்" ஆகி வந்தான். சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பதினாறு கட்டம் கொண்ட ஒரு தாளை என்னிடம் தந்து நிரப்பச் சொன்னான். ஒன்பதாவது கட்டத்தில் "என் உள்ளார்ந்த சிங்கம்" என்று ஏதோ. மாமியிடம் சிங்கம் இல்லையடா, பூனைதான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோச்சிங்கில் எளிமை இல்லாமலில்லை. கார்ப் பந்தயக்காரராக இருந்து பிறகு கோச் ஆன ஜோன் விட்மோர் என்ற ஆங்கிலேயர் பரப்பியது நான்கே படி: என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி உண்டு, இதில் எதைச் செய்யப் போகிறீர்கள். ஒரு பஸ் சிட்டையின் பின்பக்கம் எழுதலாம்.

என்னுடைய முதல் கோச் ஒரு ரியூசன் மாஸ்டர். கொக்குவிலில், கிடுகுக் கொட்டிலில், இரசாயனவியல். மற்ற ஆசிரியர்கள் "எது விளங்கேல்லை?" என்பார்கள், வகுப்பு ஊமையாகிவிடும். இவர் "எது விளங்கினது எண்டு சொல்லு" என்பார். அதைச் சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் சறுக்குகிறோம் என்று எங்களுக்கே தெரிந்துவிடும். சறுக்கிய இடத்தில் அவர் சோக்கை எடுப்பார். அவர் எந்த முறையும் படித்திருக்கமாட்டார். எனக்கு அந்த முறை பற்றி ஆங்கிலத்தில் விரிவுரை நடந்தபோது கிடுகு வாசம்தான் அடித்தது.

மார்ச் 19

சிம்பாப்வே பாட்டிமார் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2006இல் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், கிளினிக்குக்குள் இடம் கிடைக்காததால் வெளியே வாங்கு போட்டு, 14 பாட்டிமாரைப் பழக்கி இருத்தினார். வருபவர் தன் கரைச்சல்களைச் சொல்வார். அவற்றில் ஒன்றைத் தெரிவார். அதற்கு ஒரு சிறு அடி எடுத்துவைப்பார். திரும்ப வருவார். 573 பேரை வைத்து 2016இல் வந்த ஆய்வில், வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களை விட இவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள்.

என்னைப் பிடித்தது முறையை விட ஒரு சொல். அங்கே வருபவர்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை, "குஃபுங்கிசிசா" என்பார்களாம். அளவுக்கு மிஞ்சி யோசிப்பது. நம் ஊரில் "ஒரே யோசினை மிஸ்" என்று வருகிறார்களே, அதேதான்! நாங்கள் அதைக் கேட்ட கையோடு பதகளிப்பு, நெருக்கீடு, மனச்சோர்வு என்று பெயர் மாற்றி எழுதிவிடுகிறோம். கோப்புக்கு அது வேண்டும், சரி. வாயில் யோசினை யோசினையாகவே இருக்கட்டும். "பெருமூச்சாக் கிடக்கு" என்பவரிடம் பெருமூச்சைப் பற்றித்தான் கதைக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வேப்பமரத்தடியில் ஆச்சிமாரை இருத்தலாமா? நன்றாகக் கேட்பார்கள். பிறகு திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் தெரியும்போது அதையும் சேர்த்துச் சொல்வார்கள். இரகசியம் காப்பது எப்படி என்று முதலில் பழக்கவேண்டியிருக்கும். மற்றது எல்லாம் அவர்களுக்கு வரும்.

ஏப்ரல் 6

ஒரு மாதமாக எழுதத் தள்ளிப்போட்டது. முதல் நாள் "மூன்று கேள்வி போதும்" என்று எழுதினேனே, அதை மீளப் பெறுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு இளம் பெண் வந்தார், இருபத்தாறு வயது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், நித்திரை இல்லை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது. தகப்பனை இழந்து ஒன்றரை வருடம். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. மூன்று கேள்வி கேட்டேன், மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். கிழமைக்கு ஒருமுறை வந்தார், ஒழுங்காகப் பயிற்சி செய்தார். நான்காவது முறை, எழும்பிப் போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நல்லாய்ச் சாப்பிடுறன் மிஸ், முந்தியிலும் பாக்கக் கூடச் சாப்பிடுறன். ஆனா சட்டையெல்லாம் லூசாப் போகுது." தோள்பட்டையில் சட்டையைப் பிடித்துக் காட்டினார். நான் "யோசினைதான் பிள்ளை, குறையும்" என்றேன்.

ஐந்தாவது முறை வரவில்லை. அவருடைய சித்தி வேறு காரணத்துக்காக டொக்டரிடம் கூட்டிப்போக, இரத்தம் சோதித்துத் தைரொயிட் சுரப்பி மிஞ்சி வேலை செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். படபடப்பு, நடுக்கம், மெலிவு எல்லாம் அதுதான். மருந்தோடு தேறிவிட்டார். ஒருநாள் கடையில் கண்டு சிரித்தார், கோபம் இல்லை. நான் அந்தச் சட்டைத் தோளை மறக்கவில்லை.

எனவே தங்கச்சி, உங்கள் ஐம்பது தாளில் ஒரு தாள் தேவை. உடம்புக்குக் கடைசியாக எப்போது டொக்டரிடம் காட்டினீர்கள், என்ன மருந்து குடிக்கிறீர்கள், நிறை கூடியதா குறைந்ததா, குடி உண்டா, வீட்டில் அடி உண்டா. இதைக் கேட்டுவிட்டுத்தான் சும்மா கதைப்பது. உங்கள் மூத்தவரும் இதைச் செய்துவிட்டுத்தான் "சும்மா" என்று சொல்கிறார் என்று நினைக்கிறேன். பழகியவர்களுக்கு அது கேள்வியாகவே தெரிவதில்லை, அதனால் சொல்லித்தர மறந்துவிடுகிறார்கள். நானும் உங்களுக்கு அப்படித்தான் மறந்தேன்.

ஏப்ரல் 7

நேற்றுச் சேர்க்க விட்டுப்போனது. சாகவேண்டும் போல் இருக்கிறதா என்பதை நேராகக் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. அப்படி வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. முன்பெல்லாம் நான் "மனசில தவறான முடிவுகள் ஏதும்..." என்று இழுப்பேன். ஒரு பெடியன் "சாகிறதையோ கேக்கிறியள் மிஸ்? ஓம், நினைச்சனான்" என்று எனக்காக முடித்துவைத்தான். ஓம் என்று வந்தால் தனியாக வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் சேர்க்கவேண்டும், வீட்டில் ஒருவருக்காவது தெரியவேண்டும். இரவு என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, தமிழிலும் கதைக்கலாம்.

மே 12

ஊதாத் தொப்பிக் கதை. 2003இல் இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதியது. பயத்துக்குப் பழைய, நல்ல சிகிச்சை ஒன்று இருக்கிறது: பயப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்வது. அதே சிகிச்சையை ஆளுக்கு ஒரு ஊதாத் தொப்பி போட்டுச் செய்தால் ஆள் தேறுவார். பிறகு "ஊதாத் தொப்பிச் சிகிச்சை" என்று பெயர் வைத்து, பட்டறை நடத்தி, தொப்பி விற்கலாம்.

நம் வேலையில் எது தொப்பி, எது தலை என்று பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1996இல் மனச்சோர்வு உள்ள 150 பேர். ஒரு பகுதிக்குச் சிந்தனை நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றப் பார்ப்பது) முழுதாக. இன்னொரு பகுதிக்கு அதிலிருந்து ஒரே துண்டு: விட்டுவிட்ட வேலைகளைச் சிறிது சிறிதாகத் திரும்பச் செய்ய வைப்பது. இரண்டு பகுதியும் ஒரே அளவு தேறின. கோழிக்குத் தீன் போடப் போனவர் எழும்பிவிடுகிறார், சிந்தனைப் பதிவேடு நிரப்பாமலே.

மன அதிர்ச்சிக்குக் கண்ணை இடம் வலமாக ஆட்டிச் செய்யும் சிகிச்சையும் (EMDR) இப்படித்தான். 2001இல் 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கண் ஆட்டுவதால் மேலதிகப் பயன் தெரியவில்லை. சுத்தத் தொப்பி.

மே 14

அந்த முறையில் பயிற்சி பெற்ற அண்ணை ஒருவர் திருத்தியிருக்கிறார், ஏற்றுக்கொள்கிறேன். 2013இல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கண் அசைவால் ஓரளவு கூடுதல் பயன் தெரிந்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைத்திருக்கிறது. "சுத்தத் தொப்பி" என்பதை அழிக்கிறேன். கழற்றிப் பார்க்காமல் எதையும் தொப்பி என்றும் சொல்லக்கூடாது போல.

ஜூன் 22

அடக் கடவுளே. இன்று மருதனார்மடம் பக்கம் ஒரு பயிற்சிக்குப் போனேன், வளவாளராக இல்லை, பின்வரிசையில் இருந்து கேட்க. இளம் வளவாளர் ஒருவர் பையிலிருந்து லமினேற் செய்த அட்டை ஒன்றை எடுத்தார். கிணறு. வாளி, துலா, பக்கத்தில் வாழை எல்லாம் வர்ணத்தில். உள்ளே பத்துக் கோடு, ஒவ்வொன்றுக்கும் இலக்கம். பின்பக்கம் படிவம்: "குடும்பக் கிணறு, தொழிற் கிணறு, ஆன்மீகக் கிணறு..." என்று பன்னிரண்டு கிணறு. ஒவ்வொரு அமர்விலும் பன்னிரண்டுக்கும் மட்டம் குறித்துக் கூட்டுத்தொகை எடுக்கவேண்டுமாம்.

எங்கே படித்தீர்கள் என்று தேநீர் நேரம் கேட்டேன். "இது எங்கட பாரம்பரிய முறை மிஸ்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு அட்டை வாங்கி வந்தேன். நூற்றைம்பது ரூபா ஒன்று. மருமகன் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது மாமி, சிங்கத்துக்கும் ஒன்று செய்யலாம் என்கிறான்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பெடியனில் கோபப்பட ஒன்றும் இல்லை. அறைக்குள் ஒரு ஆள் அழ, உங்கள் கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பது பயமான வேலை. தாள் இருந்தால் கைக்கு வேலை. என் தடித்த கோப்பும் எனக்காகத்தான் இருந்தது, வந்தவர்களுக்காக இல்லை. பின்சில்லு சாயச் சாய அதைக் கட்டிக்கொண்டு போனேன்.

ஓகஸ்ட் 24

நல்லூர்த் திருவிழா நேரம், வீடு நிறைய ஆட்கள், அதனால் பிந்தி எழுதுகிறேன். நான் கோப்பு புரட்டிய நேரம் அந்த அம்மா என்ன செய்தார் என்று முதல் நாள் கேட்டதற்கு, கேள்வி கேட்ட தங்கச்சி ஆறு மாதம் கழித்துப் பதில் எழுதியிருக்கிறார். வெட்கத்தில் அன்று எழுதவில்லையாம். அவர் எழுதியது இது:

"நான் தாள் தேட, அந்த அம்மா 'ஆறுதலாத் தேடுங்கோ பிள்ளை, எனக்கு அவசரமில்லை' என்றார். நான் தேடிக்கொண்டே இருந்தேன். சரியான தாளைக் கண்டுபிடித்து நிமிர்ந்து பார்த்தால் அவர் கதிரையிலேயே தூங்கிவிட்டார். வாய் கொஞ்சம் திறந்து, கைப்பையை மடியில் பிடித்தபடி. எழுப்புவதா விடுவதா என்று தெரியாமல் இருபது நிமிடம் சும்மா இருந்தேன். என் முதல் அமர்வில் ஆள் தூங்கிவிட்டார் என்று யாரிடம் சொல்வது?"

தங்கச்சி, நித்திரை இல்லை என்று வந்தவர் உங்கள் கண் முன்னாலேயே நித்திரை கொண்டிருக்கிறார்! நீங்கள் கேட்காமலே மூன்றாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, அவர் திரும்ப வந்தபோது நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள். மகள் வெளிநாடு போனபிறகு அவர் வீட்டில் தனிய. இரவில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பிப் படலையைப் பார்ப்பது. உங்கள் அறையில் வேறொருவர் விழித்திருந்து தாள் புரட்டும் சத்தம் கேட்டதாம், அதில் கண் தானாக மூடியதாம். இப்போது பக்கத்து வளவுப் பிள்ளை ஏ.எல். படிப்புக்கு இரவில் அவர் வீட்டுக்கு வருகிறாள், முன் அறையில் விளக்கு எரிகிறது, அவர் பத்தரைக்கே படுத்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டொக்டரிடமும் காட்டியாயிற்று, சீனி மட்டும் கொஞ்சம் கூட.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சோதினை முடிந்தபிறகு முன் அறையில் யார் இருப்பார்கள் என்று அவரோடு கதைத்தீர்களா?